வாடிய கையும் காந்தச் சுருளும்

பாரிசவாதம் என்னும் பெயரைக் கேளாதார் நம் நாட்டில் இலர். பாரிசம் என்றால் பக்கம். ‘பார்சுவம்’ என்னும் வடசொல்லின் வழி வந்தது. வாதம் என்றால் வாயு. உடம்பின் ஒரு பாதியை வாயு பற்றிக் கெடுத்தது என்று பழைய வைத்தியர் கொண்ட கருத்து அப்பெயரில் அடங்கியுள்ளது. ஆங்கிலேயர் இந்நோயை ‘ஸ்ரோக்’ என்பர். அடி என்பது அதன் பொருள். பண்டைக் கிரேக்கர் வழங்கிய ‘அப்போபிளெக்சியா’ என்னும் சொல்லும் அடித்து வீழ்த்தப்படுதலையே குறித்தது. நம்மவர் நோய் தங்கிய இடத்தைப் பெயராக்கினர். அவர்கள் அது வந்த விரைவைப் பெயராக்கினர். இரு சாரார் பெயரிலும் மூளை என்னும் சொல் இல்லை.

மூளைக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பு விளங்குதற்குப் பல நூற்றாண்டுகள் சென்றன. சுவிற்சர்லாந்து தேசத்து வைத்தியராகிய யோகான் யாக்கோப் வெப்பர், இறந்தோர் தலையைத் திறந்து ஆராய்ந்து, மூளையினுள்ளே குருதி பெருகியிருத்தலைக் கண்டு 1658 ஆம் ஆண்டிலே நூல் எழுதினார். மூளைக்குச் செல்லும் குருதிக்குழாய் ஒன்று அடைபடுதலாலோ வெடித்தலாலோ இந்நோய் வருகின்றது என்பதும், அடைபடுதலே பெரும்பான்மை என்பதும் இன்று யாவரும் அறிந்தவை. பெரிய குழாயொன்று அடைபட்டு மருத்துவமின்றிக் கழியும் ஒவ்வொரு நிமிடமும் ஏறக்குறைய 19 இலட்சம் நரம்புக் கலங்கள் மடிகின்றன என்று 2006 இல் அமெரிக்க மருத்துவர் ஒருவர் கணக்கிட்டுக் காட்டினார்.

மூளையின் வலப்பாதி உடம்பின் இடப்பக்கத்தையும், இடப்பாதி வலப்பக்கத்தையும் ஆளுகின்றன. பேச்சோ பெரும்பாலார்க்கு இடப்பாதியிலே உறைகின்றது. இதனைப் பாரிசு நகரத்து அறிஞர் புரோக்கா 1865 இலே காட்டினார். ஆதலின் மூளையின் இடப்பாதி கெட்டவர்க்கு வலக்கையோடு பேச்சும் போதல் உண்டு. அத்தகையோர் கை வாடிக் கிடத்தற்குக் கையிலே குற்றம் யாதும் இல்லை. எலும்பு உண்டு, தசை உண்டு, நரம்பும் உண்டு, ஏவுவோன் மாத்திரம் இல்லை. ஏவுவோன் இல்லாத இடத்திலே வேறொருவனை அமர்த்துதல் கூடுமா என்பதே மருத்துவர் முன் நிற்கும் வினா.

கூடும் என்பதற்கு ஆதாரம் உண்டு. மடிந்த நரம்புக் கலம் மீள்வதில்லை. ஆயினும், அதன் அயலிலே எஞ்சிய கலங்கள் தம்முட் புதிய தொடர்புகளை உண்டாக்கி, இழந்த தொழிலின் ஒரு பகுதியை ஏற்றுக்கொள்ளும் ஆற்றல் உடையன. 1996 இலே அமெரிக்க அறிஞர் நியூடோவும் அவரோடு சேர்ந்தாரும் சிறு குரங்குகளிடத்தில் இதனைக் கண்டனர். மூளையிற் கையை ஆளும் இடத்தின் ஒரு பகுதி கெட்ட பின்னர், அக்கையை விடாது பயிற்றிய குரங்குகளில் எஞ்சிய பகுதி தன் தொழிலைக் காத்துக்கொண்டது. ஆகவே பயிற்சி மூளையை மாற்றும் என்பது தெளிவு. அவ்வாறாயின், பயிற்சியோடு மூளையையும் புறத்தே நின்று சிறிது தூண்டினால் மீட்சி விரைவுபடாதோ என்பது அடுத்து எழுந்த எண்ணம்.

கபாலத்தைத் திறவாமலும், தோலிற் கத்தி படாமலும், வெளியிலிருந்தே மூளையைத் தூண்டும் இம்முறையைப் ‘புறத்தூண்டல்’ என்று வழங்குதல் பொருந்துமென்று எண்ணுகின்றேன். இக்கட்டுரை முழுவதும் அப்பெயரையே ஆளுவேன்.

மின்னின் வரலாறு

உடம்பை மின்னால் தூண்டும் எண்ணம் புதியதன்று. கிறித்துவுக்குப்பின் முதலாம் நூற்றாண்டிலே உரோமாபுரியில் வாழ்ந்த வைத்தியர் சுக்கிரிபோனியசு லார்கசு, தீராத தலைவலிக்கு உயிருள்ள மின் திருக்கை மீனை நோவுள்ள இடத்தில் வைக்கும்படி எழுதிவைத்தார். மின் இன்னதென்று உலகம் அறியாத காலம் அது. 1791 இலே இத்தாலி தேசத்து கல்வானி, தவளைக்கால் மின்னால் துடித்தலைக் கண்டு எழுதினார். 1870 இலே செர்மானியராகிய பிரிட்சு, இற்சிக் என்னும் இருவர், நாயொன்றின் மூளை மேற்பட்டையில் ஓரிடத்தை மெல்லிய மின்னாற் தொட்டபோது மறுபக்கத்து முன்னங்கால் அசைந்தது. மூளைக்குள்ளே உறுப்புக்கள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி இடம் உண்டு என்பது அன்று துணியப்பட்டது. ஆனால் அந்நாயின் கபாலம் திறக்கப்பட்டிருந்தது என்பதை மறத்தலாகாது.

கபாலம் மூடியிருக்கும்போது மின்னைச் செலுத்துதல் எளிதன்று. எலும்பு மின்னைத் தடுக்கும். 1980 இல் இங்கிலாந்திலே மேட்டன், மோட்டன் என்னும் இருவர் தலையின்மேல் மிகுந்த மின்னழுத்தத்தைச் சிறு பொழுது செலுத்தி, மறுபக்கத்துக் கையைத் துடிக்கச் செய்தனர். கருதியது கைகூடிற்று, ஆனால் தோலும் தசையும் பட்ட நோவோ மிகுதி. நோயாளரிடத்தே நாடோறும் செய்யத்தக்க முறையன்று அது.

நோவின்றி எலும்பைக் கடக்கும் வழியைக் காந்தம் காட்டியது. மாறுகின்ற காந்தப்புலம் அயலிலுள்ள கடத்தியில் மின்னோட்டத்தை எழுப்பும் என்று 1831 இலே மைக்கேல் பரடே கண்டறிந்தார். பள்ளிப் பிள்ளைகள் இன்றும் கற்கும் விதி இது. 1985 இலே இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரில் அந்தனி பார்க்கரும் அவர் துணைவரும் இவ்விதியைத் தலையின்மேல் நிலைநாட்டினர். செப்புக் கம்பியாற் சுற்றிய சுருளொன்றைத் தலைமேற் பிடித்து, அதனூடே ஒரு செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்கிலும் குறைந்த நேரத்துக்குப் பெருமின்னோட்டத்தைப் பாய்ச்சினர். சுருளிலே காந்தப்புலம் எழுந்து மறைந்தது. எலும்பு காந்தத்துக்குத் தடையன்று. ஆதலின் அப்புலம் கபாலத்தைக் கடந்து மூளை மேற்பட்டையிற் சிறு மின்னோட்டத்தை எழுப்பியது. மறுபக்கத்துக் கைத்தசை துடித்தது. நோவு இல்லை; ‘டக்’ என்னும் ஓசை மாத்திரம் கேட்டது. அச்சுருளின் ஆற்றல் இரண்டு மூன்று சென்ரிமீற்றர் ஆழத்துக்குமேற் செல்வது அரிது. எனினும் கையை ஆளும் இடமும் பேச்சை ஆளும் இடமும் மேற்பட்டையிலே இருத்தலின், பாரிசவாத நோயாளர் பொருட்டு அவ்வாழம் பெரும்பாலும் போதியதாகும்.

மற்றொரு முறை இதனினும் எளியது. நீரில் நனைத்த பஞ்சுறையுள் மின்வாய்கள் இரண்டை வைத்துத் தலையிற் பொருத்தி, ஒன்றிரண்டு மில்லியம்பியர் அளவான நேர்மின்னோட்டத்தைச் சில நிமிடம் செலுத்துதல். செர்மனியின் கொற்றிங்கன் நகரத்து நிற்சே, பவுலுசு என்னும் அறிஞர் 2000 ஆம் ஆண்டிலே இதன் பயனை அளந்து காட்டினர். நேர்மின்வாயின் கீழுள்ள மேற்பட்டை கிளர்ச்சி மிகுந்தது. எதிர்மின்வாயின் கீழுள்ளது கிளர்ச்சி குறைந்தது. மின்னை நிறுத்திய பின்னரும் அம்மாற்றம் சிறிது நேரம் நிலைத்தது. காந்தச் சுருள் நரம்புக் கலத்தைத் தானே ஏவிவிடும். இம்மெல்லிய மின்னோ அதனை ஏவாது, ஏவலுக்கு இசையுமாறு பக்குவப்படுத்தும்.

இரட்டை மாட்டு வண்டி

இனி, இவ்விரு கருவிகளும் பாரிசவாதத்துக்கு எவ்வாறு துணையாகும் என்பதை ஆராய்வோம். மூளையின் இரு பாதிகளும் ஒன்றையொன்று அடக்கி ஆளும் இயல்புடையன. ஒரே நுகத்தில் பூட்டிய இரு மாடுகளை நினைத்துக்கொள்க. இரண்டும் ஒத்த வலியுடையனவாயின் வண்டி நேரே செல்லும். ஒன்று நொண்டிவிட்டால், மற்றது தன் வலியால் நுகத்தைத் தன் பக்கமே இழுக்கும். நொண்டிய மாடு மேலும் நசுங்கும். அதுபோல, நோயுற்ற பாதி தளர்ந்தவிடத்து, நலமுள்ள பாதி அதனை அளவுக்கு மேல் அடக்குகின்றது என்பது பலர் கொண்ட கொள்கை.

இக்கொள்கைக்கு இயைய வழி இரண்டு. நொண்டிய மாட்டைத் தட்டியெழுப்பலாம். அன்றேல் வலிய மாட்டின் கயிற்றைச் சிறிது பிடித்திழுக்கலாம். காந்தத் துடிப்பைச் செக்கனுக்கு ஒன்றாக மெல்லச் செலுத்தினால் மேற்பட்டை அடங்கும்; ஐந்தோ பத்தோ ஆக விரைந்து செலுத்தினால் கிளரும். ஆகவே நலமுள்ள பாதிக்கு மெல்லிய துடிப்பும், நோயுற்ற பாதிக்கு விரைந்த துடிப்பும் வகுக்கப்பட்டன. பேச்சிழந்தாரிடத்தும் இவ்வாறே செய்து பார்த்தனர். அமெரிக்காவின் பொஸ்ரன் நகரத்தில் நேசர் என்னும் அம்மையாரும் அவர் துணைவரும், நெடுநாட் பேச்சிழந்திருந்த நால்வருக்கு மூளையின் வலப்பாதியில் ஓரிடத்தை மெல்லிய துடிப்பால் அடக்கியபின், படங்களைக் கண்டு பெயர் கூறும் ஆற்றல் வளர்ந்தது என 2005 இல் எழுதினர். நால்வர் என்பது சிறு தொகை. ஆயினும் நம்பிக்கை துளிர்த்தது.

நிற்க. யான் வைத்தியன் அல்லேன், தமிழ் கற்பிப்பவன். இத்துறையை நாடிப் படித்தமைக்குக் காரணம் ஒன்றுண்டு. என்னோடு பல்லாண்டு இலக்கணம் கற்பித்த நண்பர் ஒருவர் இந்நோயால் வலக்கையையும் பேச்சையும் ஒருங்கே இழந்தார். நன்னூற் சூத்திரங்களை உறக்கத்திலும் ஒப்பிக்க வல்லவர், தண்ணீர் வேண்டுமென்று சொல்ல இயலாது, “அது, அது” என்று கையால் காட்டுவார். சொல்ல நினைத்தது உள்ளே நிற்பதும் சொல் வெளியே வாராமையும் அவர் முகத்திலே தெரியும். ஒருநாள் மாலை அவர் மனைவியார் விளக்கேற்றித் தேவாரம் பாடியபோது, இரண்டாம் அடியிலே அவரும் சேர்ந்து பாடினார். ஒரு சொல்லும் தவறவில்லை. பாட்டு நின்றதும் பேச்சும் நின்றது.

இஃது அற்புதம் போலத் தோன்றினும் மருத்துவர் அறியாததன்று. பேச்சிழந்தார் பலர் பாட வல்லார். பாட்டுக்கு மூளையின் வலப்பாதியும் பெரிதும் துணையாதலே அதற்குக் காரணம் என்பர். இவ்வியல்பைக் கொண்டே, சொல்லை இசையில் ஏற்றிப் பயிற்றும் முறையொன்றைப் பொஸ்ரன் நகரத்து மருத்துவர் 1973 இல் வகுத்தனர். நோயாளர் இடக்கையால் தாளமிட்டுக்கொண்டே சிறு வாக்கியங்களை இராகம்போல நீட்டிச் சொல்லிப் பழகுதலும், நாளடைவில் இராகத்தைக் குறைத்துக்கொண்டு வருதலும் அதன் நெறி.

நண்பரின் மைந்தர் வெளிநாட்டில் இருக்கின்றார். அவர் எனக்கு எழுதினார்: “மாமா, காந்தத்தால் மூளையைத் தூண்டிப் பேச்சை மீட்கலாம் என்று ஒரு நிலையத்தார் விளம்பரம் செய்திருக்கிறார்கள். வளவை ஈடு வைத்தாவது அப்பாவை அங்கே கூட்டிக்கொண்டு போகலாம் என்று நினைக்கிறேன். நீங்கள் என்ன சொல்லுகிறீர்கள்?” ஒரு குடும்பத்தின் நிலமும் ஒரு மனிதரின் சொல்லும் தராசின் இரு தட்டிலே இருந்தன. படியாமல் விடை கூறுதல் முறையன்று என்று கருதியே படிக்கலானேன்.

போலித் தூண்டல்

மருத்துவத்தில் ஒன்றன் பயனை அறிதற்கு அறிஞர் கொள்ளும் நெறி செம்மையானது. நோயாளரை இரு பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதியார்க்கு மெய்யான தூண்டலும் மறு பகுதியார்க்குப் போலித் தூண்டலும் செய்வர். சுருள் ஒன்றே; ஓசையும் ஒன்றே; போலியிலே காந்தம் மூளையைச் சென்று தாக்காது. தாம் எப்பகுதியைச் சேர்ந்தவர் என்பது நோயாளர்க்குத் தெரியாது. மனத்தின் நம்பிக்கையால் வரும் நலனையும், காலத்தால் தானே வரும் நலனையும், கருவியால் வரும் நலனினின்றும் பிரித்தறிதற்கு இதனிற் சிறந்த வழி இல்லை.

அமெரிக்காவிலே இவ்வாறு நடத்திய பெருந்தேர்வு ஒன்றன் முடிவு 2018 இல் வெளிவந்தது. நோய் வந்து 3 முதல் 12 மாதம் சென்றவரும், கை தளர்ந்தவருமாகிய 199 பேர் அதிற் சேர்ந்தனர். ஆறு வாரத்தில் 18 முறை நலமுள்ள பாதியை மெல்லிய துடிப்பால் அடக்கி, உடனே கைப்பயிற்சியும் அளித்தனர். மெய்த்தூண்டல் பெற்றாரில் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கினர் கருதத்தக்க நலன் அடைந்தனர். விளம்பரம் எழுதுவோர் இத்துடன் நிறுத்திக்கொள்வர். போலித் தூண்டல் பெற்றாரிலும் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கினர் அதே நலன் அடைந்தனர் என்பதே எஞ்சிய பாதி. இரு சாரார்க்கும் பொதுவாக நின்றது பயிற்சி ஒன்றே.

இதனைக் கொண்டு புறத்தூண்டல் வெறும் மாயை என்று தள்ளுதலும் பிழை. 2020 இலே ஐரோப்பிய அறிஞர் குழுவொன்று அதுவரை வெளிவந்த ஆய்வுகளையெல்லாம் நிறுத்துப் பார்த்து, நோயின் முதல் வேகம் தணிந்தபின் வரும் காலப்பகுதியில் நலமுள்ள பாதிக்கு அளிக்கும் மெல்லிய துடிப்பு கையின் மீட்சிக்கு உறுதியாகப் பயன்படும் என்று கூறியது. நெடுநாட்பட்ட பேச்சிழப்புக்கோ, பயன்படக்கூடும் என்னும் அளவிலே நிறுத்தியது. மெல்லிய நேர்மின்னோட்டத்தைப் பொறுத்தவரை, ஒட்சுபோட் நகரத்தார் 24 பேரிடத்தில் ஒன்பது நாட் பயிற்சியோடு சேர்த்து அளித்து, மூன்று மாதத்தின் பின்னரும் சில அளவைகளிலே நலன் நிற்கக் கண்டு 2016 இல் எழுதினர். எனினும் பல ஆய்வுகளை ஒருங்கு நோக்கினோர் அதன் பயனை உறுதிப்படுத்தும் சான்று இன்னும் போதாது என்பர்.

ஆய்வுகள் தம்முள் முரணுதல் ஏன்? முற்கூறிய வண்டிக்கு மீள்வோம். ஒரு மாடு நொண்டியதாயின் மற்றதன் கயிற்றைப் பிடித்தல் நன்று. அம்மாடு முற்றாக வீழ்ந்துவிட்டதாயினோ, வண்டியை இழுப்பது எஞ்சிய மாடு ஒன்றே. அதனையும் அடக்கினால் வண்டி நின்றுவிடும். மூளையின் ஒரு பாதி பெரிதும் அழிந்தவர்க்கு நலமுள்ள பாதியே துணையாகின்றது என்றும், ஆதலின் எல்லார்க்கும் ஒரே தூண்டல் பொருந்தாது என்றும் 2014 இலேயே சிலர் எடுத்துக்காட்டினர். கேடு எவ்விடத்தது, எவ்வளவினது, நோய் வந்து எத்துணைக் காலமாயிற்று என்பவற்றை நோக்கி ஆளுக்கேற்ப வகுத்தல் வேண்டும். அவ்வகுப்பு இன்னும் முற்றுப்பெறவில்லை.

இனி, தீங்கு உண்டோ எனின், தகுந்த மருத்துவர் கையிலே தீங்கு மிகக் குறைவு. தலைநோவு சிலர்க்கு உண்டாகும், அது தணியும். மிக அரிதாக வலிப்பு வருதல் உண்டு. ஆதலின் முன்னரே வலிப்பு வந்தவர் அதனை மறையாது கூறுதல் வேண்டும். தலையினுள் இரும்புத் துண்டு உடையாரும், செவியினுள்ளே கேட்கும் கருவி பதிக்கப்பெற்றாரும், இதயத்தை இயக்கும் மின்கருவி உடையாரும் காந்தச் சுருளை அணுகுமுன் மருத்துவரிடம் அதனைத் தெரிவித்தல் இன்றியமையாதது. மெல்லிய மின் எளிய கருவியால் வருதலின், வீட்டிலே தாமே செய்துபார்ப்பாரும் உளர். அது தகாது, தோல் வெந்து புண்ணாதலும், மின்வாய் மாறிக் கிளர வேண்டிய இடம் அடங்குதலும் நேரும்.

இவற்றையெல்லாம் படித்தபின் நண்பரின் மைந்தருக்கு விடை எழுதினேன். வளவை ஈடு வைக்க வேண்டாம் என்பது முதல் வாக்கியம். அந்நிலையத்தாரிடம் மூன்று கேட்குமாறும் எழுதினேன். தந்தையாரின் மூளைப் படத்தைப் பார்த்தபின்னரா இம்முறையை விதித்தார்கள்? தூண்டலோடு நாடோறும் பேச்சுப் பயிற்சியும் உண்டா? பயன் இல்லாதார் எத்தனைபேர் என்று சொல்வார்களா? மூன்றாவதற்கு விடை வரவில்லை என்று அவர் பின்னர் அறிவித்தார். அப்பணத்திற் சிறு பகுதியைக் கொண்டு, பேச்சுப் பயிற்சியாளர் ஒருவர் கிழமைக்கு மூன்று நாள் வீட்டுக்கு வர ஒழுங்கு செய்தனர். நண்பர் இப்போது மனைவியார் பெயரையும், பிள்ளைகள் பெயரையும், வேறு சில சொற்களையும் பாட்டின் துணையின்றியே சொல்லுகின்றார். சூத்திரங்கள் இன்னும் வரவில்லை.

பயிற்சியின் ஆற்றலுக்கு மற்றொரு சான்றும் உண்டு. நலமுள்ள கையை உறையிட்டுக் கட்டி, வாடிய கையாலேயே தொழில் செய்விக்கும் முறையை அமெரிக்க அறிஞர் எட்வேட் ரோப் வகுத்தார். 222 பேரிடத்தில் அது சோதிக்கப்பட்டு, பயனுடையதென்று 2006 இல் நிறுவப்பட்டது. அதற்கு வேண்டியவை ஓர் உறையும், வழிகாட்டும் இயன்மருத்துவரும், தளராத மனமுமே. நம்மவர் வீட்டில் நோயாளர்க்கு நாமே ஊட்டிவிடுதலை அன்பென்று கொள்ளுகின்றோம். அவர் தம் கையால் எடுத்து உண்ணும்வரை அருகிலே பொறுத்திருத்தலும் அன்பேயாகும்; அதுவே கடினமான அன்பு.

காந்தச் சுருள் நாளை இன்னும் செம்மைப்படலாம். அறிஞர் முயற்சியை நாம் வாழ்த்துதல் கடன். ஆனால் அதனைப் பயிற்சிக்குத் துணையாகக் கொள்ளுதல் வேண்டுமேயன்றிப் பயிற்சிக்கு மாற்றாகக் கொள்ளலாகாது. எல்லாவற்றிலும் முந்தியது காலம். ஒருவர் முகம் கோணினும், கை தாழினும், நாக்குழறினும், எண்ணெய் காய்ச்சவும் நாட் பார்க்கவும் நில்லாது, 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்து நோயாளர் காவு வண்டியை வருவித்தல் வேண்டும். அடைப்பைக் கரைக்கும் மருந்து நாலரை மணித்தியாலத்துக்குள் ஏற்றினாலன்றிப் பெரும்பாலும் பயன் தராது. குருதியழுத்தத்தை அளந்து அடக்கிவைப்பார்க்கு இவ்வடி விழும் அபாயம் குறையும். இவை இரண்டையும் வாசகர்கள் இன்றே தம் வீட்டாருக்கு எடுத்துச் சொல்வார்களாக.